அண்ணி காட்டிய ஐந்து முகங்கள்

யாராவது ஒரு காரியத்தைச் செய்யத் தெரியாமல் திணறினால், என் அண்ணி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே இதைக் கவனித்தேன். அப்பா புது ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அம்மா ஜாடி மூடியைத் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருப்பாள். அண்ணி பக்கத்தில் வந்து கைமேல் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பாள். முகத்தில் சிரிப்பும் இருக்காது, சலிப்பும் இருக்காது.

"கையை எடுத்து உதவி பண்ணேன்டி. அடியில வச்சு என்ன குஞ்சா பொரிக்கிற?" என்பாள் அம்மா.

"கொஞ்சம் இருங்க அத்தை. நீங்க முதல்ல எந்தப் பக்கம் திருப்புறீங்கன்னு பாக்குறேன்."

"நல்லா பாரு. நான் மூடிக்குள்ள விழுந்தப்புறம் தூக்கி விடு."

திமிர் பிடித்தவள் என்றுதான் வெகுகாலம் நினைத்தேன். பிறகு அவளோடு வேலைக்குப் போனபோதுதான் அது தொழில் பழக்கம் என்று தெரிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் பாடமும் விளையாட்டும் செய்து விற்கும் ஒரு கம்பெனியில் அண்ணி இருந்தாள். கம்பெனியில் இருக்கும் பெரியவர்கள் ஒன்றைச் செய்துவிட்டு, குழந்தைக்கு இது தண்ணீர்பட்ட பாடு என்று சொல்லிக்கொள்வார்கள். அது உண்மைதானா என்று பார்ப்பது அண்ணியின் வேலை. அரைகுறையாக முடித்த டேப்லெட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுக்கக் கூடாது. சுட்டிக் காட்டக் கூடாது. கை துருதுருக்கும் என்பதால்தான் கைமேல் உட்காருவது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் போகாமல் இருந்தேன், அப்புறம் போகவே இல்லை. என் கணவர் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதி அவர் கடலில் இருப்பதால், நானும் மகளும் அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். அண்ணிக்குக் கூட வர ஒரு ஆள் தேவைப்பட்டது.

"நீ வாடி ஊமைக்கோட்டான். பேசுற பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போனா 'அம்மாடி, செல்லம், அதை அமுக்கும்மா'ன்னு காரியத்தைக் கெடுத்துடுறாங்க. உனக்கு வாயே கிடையாது. இந்த வேலைக்காகவே பொறந்தவ நீ."

அப்படித்தான் போனேன். அண்ணியின் போனைத் தாங்கியில் மாட்டி, குழந்தையின் கை மட்டும் தெரியும்படி படம் எடுப்பது என் வேலை. ஒவ்வொரு பிள்ளை எழுந்து போனதும் டேப்லெட்டைத் துடைப்பதும் என் வேலைதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கண்ணாடிமேல் என்னென்ன இருக்கும்! மூக்கில் இருந்த விரல் அப்படியே வந்து எழுத்தைத் தொடும். பிஸ்கட் எச்சில், பென்சில் கரி, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பிசுபிசுப்பு. முதல் மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சளிதானே, துடைச்சா போயிடும்" என்பாள் அண்ணி. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு பையன் அவள் மடியில் வாந்தி எடுத்தபோதும், "சரி, இன்னிக்கு விளையாட்டு போதும்னு சொல்றியா" என்று அவனிடமே கேட்டாள்.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே வகுப்புக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு கட்டை அடுக்குவாள். மறுநாள் புது முகம் என்று யாரும் மிரளக் கூடாது. நல்ல பிள்ளைகளாகப் பார்த்து அனுப்புகிறேன் என்று டீச்சர்கள் சொன்னால், "வேணாம் டீச்சர், ஜன்னலோரம் உக்காந்திருக்கிற எல்லாரையும் அனுப்புங்க" என்பாள். இரண்டு சினேகிதப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் அவர்களே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், நாம் ஒன்றும் கேட்க வேண்டாம். தனியாக வந்த பிள்ளை பேசாவிட்டால் ஒரு துணிக் கரடியை எடுத்து வைப்பாள். "இந்தக் கரடிக்கு ஒண்ணுமே தெரியாது, நீதான் சொல்லித் தரணும்." வாயே திறக்காத பிள்ளைகூடக் கரடியை அதட்டும். "இங்க தொடு, மக்கு! அங்க இல்ல!" அந்த அதட்டலிலேயே பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

"பிடிச்சிருக்கா" என்று மட்டும் கேட்கவே மாட்டாள். என்னிடமும் சொல்லி வைத்திருந்தாள்: "குழந்தை வாயை நம்பாத, கையைப் பாரு. நாம வேப்பெண்ணெய குடுத்துட்டு நல்லாருக்கான்னு சிரிச்சுக் கேட்டாலும் அது நல்லாருக்குன்னுதான் சொல்லும். நமக்குப் பிடிச்சதைச் சொல்றதுதான் அதுக்குப் பழக்கம்."

கம்பெனியில் அண்ணிக்கு மேலே ஒருவர் இருந்தார். எதைச் சொன்னாலும் இனிக்க இனிக்கச் சொல்வதால் அங்கே வேலை செய்யும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் சர்க்கரை. அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அவருக்கு முன்னே வாசனைத் தைலம் வரும். பிள்ளைகளின் தலையைத் தடவுவார், தடவின கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். பிள்ளை தடுமாறும்போது மேலே கவிந்து, "அங்க, அங்க… சூப்பர்!" என்று அவரே விரலைப் பிடித்து அமுக்கிவிட்டு எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி!" என்பார். அண்ணி பல்லைக் கடித்துக்கொள்வாள். வண்டியில் திரும்பும்போது திட்டுவாள். "அந்த ஆளு விரல் ஆறு வயசு விரல்னா எனக்கு ஒரு வயசுடி." நான் சிரிப்பேன். அந்த நாட்களில் அவளோடு வேலைக்குப் போவதே எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வருஷம் கம்பெனி ஒரு புதுச் சாமானைக் கொண்டுவந்தது. இது விளையாட்டு இல்லை, பரீட்சை. பாலர் வகுப்புப் பிள்ளைகள் காதில் ஒரு சொல்லைக் கேட்டு, திரையில் விரலால் எழுத்தை எழுத வேண்டும். மார்க்கை டேப்லெட்டே போட்டுவிடும். மார்க் வந்தால் முதல் வகுப்பு, வராவிட்டால் பாலர் வகுப்பிலேயே இன்னொரு வருஷம். ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் இதை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். என் மகள் வாண்டு படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

சொந்தக்காரப் பிள்ளையை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அதனால் வாண்டின் வகுப்பை விட்டுவிட்டுப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டோம். இசைக்கருவிகள் அடைத்து வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். குட்டி நாற்காலி, குட்டி மேசை. அண்ணி கைமேல் உட்கார்ந்தாள். நான் போனை மாட்டினேன்.

முதலில் வந்த பெண் அந்த வகுப்பிலேயே அழகாக எழுதுகிறவளாம். எழுதத் தொடங்கினாள். பாதி எழுத்தில் திரை மாறிவிட்டது. அடுத்த சொல் வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி பாதியில் மாறியது. அவள் அழவில்லை, எங்களைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. அவளுக்குப் பின்னால் வந்த பையன் எழுத்தைக் கோழி கிளறினதுபோல் எழுதினான். அவனுக்கு ஒன்றும் மாறவில்லை. முழுசாக முடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு மாலை அண்ணி படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பிறகு என்னை அழைத்தாள்.

"இங்க பாரு. இவ மணிக்கட்டை எங்க வச்சிருக்கா?"

திரையின் கீழ் மூலையில், வலது பக்கம், ஒரு மஞ்சள் அம்பு இருந்தது. அடுத்த கேள்விக்குப் போகும் அம்பு. மணிக்கட்டை ஊன்றி எழுது, எழுத்து ஆடாது என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். ஒழுங்காகப் பழகின பிள்ளையின் மணிக்கட்டு நேரே போய் அம்பின்மேல் உட்கார்ந்தது. தொட்டவுடன் அடுத்த கேள்வி. எழுதாத கேள்விக்குச் சுழி. கையை அந்தரத்தில் தூக்கிக் கிறுக்குகிற பிள்ளைக்கும், இடது கைப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நல்லா எழுதுற பிள்ளைதான் தோக்கும்" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் வேட்டைக்காரிக்கு இருக்கும் சந்தோஷம். "அம்பைத் தூக்கி மேல வச்சா போச்சு. அவ்வளவுதான் விஷயம்."

மறுநாள் சர்க்கரையின் அறைக்குப் படத்தோடு போனோம். அவர் பார்த்தார். தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"அருமைம்மா. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்குறீங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா மாத்திடலாம்."

"அடுத்த வருஷமா? பரீட்சை இந்த வருஷம் சார்."

"டேப்லெட் எல்லாம் பெட்டி கட்டிப் போயாச்சேம்மா. இப்ப ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் முதல்லேருந்து பாக்கணும். குழந்தைங்க எமகாதகங்க, ரெண்டு தடவை தப்பு பண்ணா தானா கத்துக்கும்."

"ரெண்டு தடவைக்குள்ள ரெண்டு மார்க் போயிடும் சார்."

அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைச் சுழற்றினார். பிறகு குரலை இன்னும் இனிப்பாக்கினார். "பெரிய டீச்சரம்மாவுக்கு இந்த மணிக்கட்டுக் கதையெல்லாம் புரியாது. குழந்தைங்களுக்குப் பிடிச்சிருக்கா, சுலபமா இருக்கான்னு ஒரு வரி கேக்குறாங்க. அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. இது போகலைன்னா, இப்படிப் பாத்துப் பாத்துத் தடுக்கிறதுக்கு ஒரு பிரிவு எதுக்குன்னு மேல கேப்பாங்க. உங்களுக்காகத்தான் நான் சொல்றேன்."

திரும்பி வரும்போது அண்ணி அவரைத் திட்டவில்லை. அதுதான் முதல் சகுனம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த முறை நாங்கள் போனது அந்தச் சின்ன அறைக்கு இல்லை. பெரிய கூடத்துக்கு. அண்ணி பையிலிருந்து அட்டைகளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஐந்து அட்டை, ஐந்து முகம். அழுகிற முகம், உம்மென்ற முகம், சும்மா இருக்கிற முகம், சிரிக்கிற முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம். ஜன்னலோரப் பிள்ளைகள் என்ற பேச்சே இல்லை. டீச்சர் பொறுக்கி அனுப்பின பிள்ளைகள் தலைவாரி, முகம் கழுவி வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு பூனை விளையாட்டு. எழுதுகிற வேலையே இல்லை, தொட்டால் பூனை குதிக்கும். அதே டேப்லெட், அதே கம்பெனி. பரீட்சை மட்டும் அதில் இல்லை.

"எப்படி இருந்துச்சு செல்லம்? ஜாலியா? எந்த மூஞ்சி மாதிரி இருந்துச்சு, அத்தைக்குக் காட்டு பாக்கலாம்!"

அது அண்ணியின் குரல். அந்தக் கொஞ்சலை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. சர்க்கரையின் தொண்டையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவள் போல இருந்தது. பிள்ளை என் கையிலிருந்த பல் தெரியும் முகத்தைத் தொட்டது. உடனே கன்னத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். அப்புறம் வந்த ஒவ்வொன்றும் ஓடி வந்து, கேட்பதற்கு முன்பே பல் முகத்தைக் குத்தியது. ஒரு பெண் பூனையைத் தொடவே இல்லை. நேராக அட்டைக்கு வந்து பல் முகத்தைத் தொட்டுவிட்டுக் கன்னத்தை நீட்டினாள். அண்ணி அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டினாள். அந்த அட்டை மட்டும் அழுக்கேறிப் பிசுபிசுத்தது. மற்ற நாலும் வாங்கின மாதிரியே இருந்தன.

எத்தனையோ மூக்குச்சளியைத் துடைத்த கை இது. அன்றைக்கு அந்த அட்டையைப் பிடித்திருக்க முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போது கேட்டேன். "அண்ணி, பூனை விளையாட்டுக்குச் சிரிச்சதைப் பரீட்சைக்குச் சிரிச்சதா எழுதுவீங்களா?"

"டேப்லெட்டுக்குச் சிரிச்சாங்கன்னு எழுதுவேன். அது பொய் இல்லையே."

"மணிக்கட்டு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு. நான் இப்ப முறுக்கிக்கிட்டு நின்னா என்னைத் தூக்கிட்டு வேற ஒருத்தியைப் போடுவாங்க. அவ அம்பையும் பாக்க மாட்டா, மணிக்கட்டையும் பாக்க மாட்டா. நான் உள்ள இருந்தாத்தான் அடுத்த வருஷம் மாத்த முடியும். புரியுதா?"

"இந்த வருஷத்துப் பிள்ளைங்க?"

"உனக்குப் பேச்சு வர ஆரம்பிச்சிருச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பரீட்சை நடந்தது. வாண்டு வீட்டுக்கு வந்து, "அம்மா, அது என்னை எழுதவே விடல. நான் நல்லாத்தான் எழுதினேன், அது ஓடி ஓடிப் போச்சு" என்றாள். எந்தக் கையை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில் ஊன்றிக் காட்டினாள். பிஞ்சு மணிக்கட்டு, அச்சு அசலாக அந்த மூலையில். அண்ணி அங்கேதான் அண்ணனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். தண்ணீர்ச் சொம்பு மேசைமேலேயே இருந்தது.

முடிவு வந்தது. வாண்டு பாலர் வகுப்பிலேயே இருக்க வேண்டும். அழகாக எழுதுகிற அந்தப் பக்கத்து வகுப்புப் பெண்ணும்தான். கோழி கிளறின பையன் முதல் வகுப்பு.

"பெரிய டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி" என்று கேட்டேன். "கை பட்டுத் தாண்டினதுன்னு சொல்லுங்க. உங்ககிட்ட படம் இருக்கே. தாள்ல எழுதச் சொல்லிப் பாக்கட்டும்."

"அதைச் சொன்னா, தெரிஞ்சே எதுக்கு எழுதிக் குடுத்தேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"உனக்கென்ன, சொல்லிடுவ. ஒரு வருஷம்தானே, சின்னப் பிள்ளை, இன்னும் கொஞ்சம் கெட்டியா படிச்சுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

அண்ணனிடம் சொன்னேன். "பொம்பளைங்க சண்டையில என்னை இழுக்காதீங்க" என்றான். அவன் எப்போதும் மதில்மேல் பூனை.

அதனால் நானே போனேன். பெரிய டீச்சரின் அறை வாசலில் நிற்கும்போது பழையபடி திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உள்ளே போய், மேசையில் என் மணிக்கட்டை ஊன்றிக் காட்டி, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்கு விளங்குது. ஆனா குழந்தைங்களுக்கெல்லாம் சுலபமா இருக்கு, சந்தோஷமா செய்றாங்கன்னு உங்க வீட்டு அண்ணிதானே எழுதிக் கொடுத்திருக்காங்க? அவங்களே ஆமான்னு சொன்னா, நான் எல்லாப் பிள்ளைக்கும் தாள்ல மறுபடி வச்சிடுறேன். எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. ஒரு 'ஆமா' போதும். என் மகளுக்கு மட்டுமில்லை, எல்லாப் பிள்ளைக்கும். அவர் என் எதிரிலேயே அண்ணிக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். நான் பக்கத்தில் இருப்பதையும் சொன்னார்.

அந்தப் பக்கம் அண்ணி மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"மேடம்…" அந்தக் கொஞ்சல் குரல் வந்தது. "அவ பாவம் மேடம். தாய் மனசு, தாங்கல. படிப்பு கம்மி வேற, டேப்லெட் விஷயம் அவளுக்கு அவ்வளவா விளங்காது. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நான் வீட்டுல சொல்லிப் புரிய வைக்கிறேன்."

பெரிய டீச்சர் போனை வைத்தார். என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலுக்கு வருவதற்குள் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காலையில் எதுவும் சாப்பிடவில்லை. வெறும் கசப்புத்தான் வந்தது.

அன்று மாலை அண்ணி மாடிக்கு வந்தாள். வாண்டுக்குப் பெரிய கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள். "கோவமா?" என்றாள். பெட்டியைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதை அம்மா எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ, "குத்திப்புட்டு மருந்து தடவ வந்துட்டா" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

இந்த வருஷம் அம்பைத் திரையின் மேல் மூலைக்கு மாற்றிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவள் என்று கம்பெனியில் அண்ணிக்குப் பாராட்டு. தனி அறையும் அவளுக்குக் கீழே நாலு பேரும் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாண்டு, போன வருஷம் தனக்குக் கீழே இருந்த பிள்ளைகளோடு பாலர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களைவிட ஒரு சாண் உயரம். எழுதச் சொன்னால் கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு எழுதுகிறாள்; எழுத்து கோணிப் போய்விட்டது. நானும் அண்ணியும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். உப்பு எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். அவளோடு எனக்கு வேறு பேச்சு இல்லை.